பக்கம் திருப்பும் நாற்காலி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான், தங்கைக்கு மூன்றாவது நாற்காலியும் எனக்கு நான்காவது நாற்காலியும் கிடைத்திருக்கிற செய்தியைச் சொல்வதற்கு முன்னால், என் கையில் இருந்த கண்ணாடித் தம்ளரை அம்மா வாங்கி ஓரமாக வைத்தாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

நாற்காலி என்றால் இளைஞர் இசைக்குழுவில் எங்கள் இடம். நாங்கள் இரண்டு பேரும் வயோலா வாசிக்கிறோம். வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, குரலும் கொஞ்சம் தாழ்ந்தது. கேட்டுவிட்டுப் போகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர், “வயலின் நல்லா வாசிக்கிறீங்கம்மா” என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். ஆரம்பத்தில் திருத்திக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் நன்றி சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

குழுவில் வருடத்துக்கு ஒருமுறை தேர்வு வைப்பார்கள். நடுவர்கள் திரைக்கு அந்தப் பக்கம், வாசிக்கிறவர் இந்தப் பக்கம். காலடிச் சத்தத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று செருப்பைக்கூட வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள். அதனால் சின்னப் பெண் என்று சலுகை காட்டிவிட்டார்கள், என்னை ஓரவஞ்சனையாக நடத்திவிட்டார்கள் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லாமல் போயிற்று. அவள் என்னைவிட நன்றாக வாசித்திருக்கிறாள், அவ்வளவுதான். எனக்குப் பதினேழு வயது, அவளுக்குப் பதினான்கு. வீட்டில் அவளைக் குண்டூசி என்று கூப்பிடுவோம். ஆள் ஒல்லி, தொட்டால் குத்தும்.

“ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நல்லதாப் போச்சு” என்றாள் அம்மா.

எது நல்லதாகப் போனது என்று சொல்கிறேன். எங்கள் குழுவில் இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்ட். அதில் ஒரே ஒரு இசைத்தாள் புத்தகம். பார்வையாளர்கள் பக்கம் உட்கார்ந்திருப்பவர் வெளி நாற்காலி. அவர் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே இருப்பார். உள்பக்கம் உட்கார்ந்திருப்பவர் உள்நாற்காலி. பக்கம் முடிகிறபோது அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டு, தாளைத் திருப்பிவிட்டு, மறுபடி சேர்ந்துகொள்ள வேண்டும். உலகத்தில் எந்த இசைக்குழுவுக்குப் போனாலும் இதுதான் வழக்கம் என்று சொல்வார்கள். மூன்றாவது நாற்காலி வெளியே, நான்காவது உள்ளே. ஆக, என் தங்கை வாசிப்பாள், நான் அவளுக்குப் பக்கம் திருப்பிவிடுவேன்.

இதைக்கூட நான் விழுங்கிக்கொண்டிருப்பேன். அந்த வருடம் எங்களுக்கு வந்த படைப்புதான் என்னைப் படுத்தியது.

வயோலாக்காரர்களின் பிழைப்பு எப்படியென்றால், வயலின்கள் மேலே பறந்துகொண்டிருக்கும், செல்லோக்கள் கீழே உருகிக்கொண்டிருக்கும், நாங்கள் நடுவில் ஒரே ஸ்வரத்தை நாற்பது கட்டத்துக்கு டுக்கு டுக்கு என்று வாசித்துக்கொண்டிருப்போம். கட்டம் என்று நாங்கள் சொல்வது தாளில் கோடு போட்டுப் பிரித்திருக்கிற சின்னச் சின்ன அளவை. ஆனால் அந்தப் படைப்பை எழுதிய புண்ணியவானுக்கு எங்கள்மேல் என்ன இரக்கமோ, நடுவில் எட்டுக் கட்டத்துக்கு மெட்டை எங்களிடம் கொடுத்திருந்தார். மற்ற எல்லோரும் அடங்கிப்போவார்கள். ஒரு கட்டம் முழு அமைதி. பிறகு வயோலாக்கள் மட்டும். முதல் இரண்டு கட்டத்தில் மெட்டு தாழ்வான தந்தியில் மெதுவாக நடக்கும். மூன்றாவது கட்டத்தில் விரல் தந்தியோடு வழுக்கிக்கொண்டு மேலே ஏறி ஓர் உச்ச ஸ்வரத்தைப் பிடித்து அங்கேயே நிற்கும். நான்காவதில் அது படிப்படியாக இறங்கும். முதல் தடவை கேட்டபோதே, இதை வாசிக்கத்தான் இத்தனை வருடம் டுக்கு டுக்கு என்று காத்திருந்தேன் என்றே தோன்றியது.

அந்த மெட்டின் முதல் மூன்று கட்டம் பக்கத்தின் கடைசி வரியில் இருந்தது. மீதி ஐந்து கட்டம் அடுத்த பக்கத்தில்.

அதாவது, ஒரு கட்டம் வாசித்ததும் நான் வில்லை எடுத்துவிட வேண்டும். இரண்டாவதில் தாளின் மூலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது முடிகிறபோது திருப்ப வேண்டும். வில்லைச் சரியாகப் பிடித்துத் தந்திமேல் வைப்பதற்குள் நான்காவதும் போய்விடும். ஏறுவதும் இல்லை, நிற்பதும் இல்லை, இறங்குவதும் இல்லை. ஐந்தாவதில் போய்ச் சேர்ந்துகொள்வேன். என் காதுக்குப் பக்கத்தில் குண்டூசி அந்த உச்ச ஸ்வரத்தைப் பிடித்து நிற்பாள், நான் காகிதத்தைப் பிடித்து நிற்பேன்.

அந்தத் தாள்களெல்லாம் வாடகைக்கு வந்தவை. அவற்றுக்குப் பொறுப்பு டிராம்போன் வாசிக்கிற ஓர் அண்ணன். எல்லோரும் அவரைத் தாள்காரர் என்றுதான் கூப்பிடுவோம். பென்சிலால் தவிர எழுதக் கூடாது, எழுதியதையும் நிகழ்ச்சி முடிந்ததும் அழித்துத் தர வேண்டும் என்பதில் அவர் கறார். அவரிடம் போய்க் கேட்டுப் பார்த்தேன்.

“அண்ணே, அந்த மூணு கட்டத்தை மட்டும் ஒரு துண்டுத் தாள்ல எழுதி அடுத்த பக்கத்து மேல ஒட்டிக்கிட்டா என்ன? அப்ப முன்னாடியே திருப்பிடலாம். நானும் வாசிப்பேன்.”

“ஒட்டறதா? போன வருஷம் ஒருத்தர் ஒட்டினார். மேடையில ஃபேன் காத்துல பறந்து போய் டியூபாவோட பெரிய குழல் வாய்க்குள்ள விழுந்துச்சு. ஒரு வாரம் ஆச்சு வெளிய எடுக்க.”

“நான் நல்லா ஒட்டறேன்.”

“அவரும் நல்லாத்தான் ஒட்டினார்” என்று சொல்லிவிட்டு அவர் ரப்பர் டப்பாவை எண்ணப் போய்விட்டார்.

இன்னொரு வழியும் இருந்தது. மெட்டுக்கு முன்னால் ஒரு கட்டம் எல்லோரும் சும்மா இருக்கிறோம் அல்லவா? அப்போதே பக்கத்தைத் திருப்பிவிட்டால், முதல் மூன்று கட்டத்தை இரண்டு பேரும் மனப்பாடமாக வாசிக்கலாம். நான்காவதிலிருந்து தாளைப் பார்த்துக்கொள்ளலாம். மூன்றே மூன்று கட்டம். குழந்தைகூட மனப்பாடம் செய்யும். வீட்டில் குண்டூசியிடம் இதைச் சொன்னேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. “வேணாங்க்கா. பேப்பர் இல்லாம நான் வாசிக்க மாட்டேன்.”

“மூணு கட்டம்டி. நீ தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவ.”

“தூக்கத்துல வாசிக்கச் சொன்னா வாசிக்கிறேன். மேடையில மாட்டேன்.”

இதற்குக் காரணம் எனக்குத் தெரியும். பத்து வயதில் ஒரு போட்டியில் அவள் மனப்பாடமாக வாசித்துக்கொண்டிருந்தபோது பாதியில் எல்லாம் மறந்துபோய்விட்டது. வில்லைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். பிறகு கீழே இறங்கி, நேராகப் போய்த் துடைப்பமும் வாளியும் வைத்திருக்கிற அறைக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று அவளை வெளியே வரவைக்க அப்பா பட்ட பாடு கொஞ்சமில்லை. அப்பாவுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்துப் பழக்கம் உண்டு என்பதால் எப்படியோ சமாளித்தார். அதற்குப் பிறகு அவள் தாள் இல்லாமல் ஒரு ஸ்வரம்கூட வாசித்ததில்லை. காலையில் ஸ்வர வரிசையில் ஏறி இறங்குகிற சாதாரணப் பயிற்சிக்குக்கூடத் தாளை விரித்து வைத்துக்கொள்வாள். கண்ணும் தாளை விட்டு நகராது. தாளில் இருப்பதைப் படிப்பதில் அவளுக்கு நிகர் எங்கள் குழுவிலேயே கிடையாது.

ஆகவே நான் பெரிய மனதோடு விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். விட்டுக்கொடுக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மாதம் திரிந்தேன். உப்பு எங்கே என்று கேட்டால்கூட அம்மா வழியாகத்தான் கேட்டேன்.

அப்போதுதான் அம்மாவோடு வேலை செய்கிறவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அம்மாவுக்குப் பல்செட் செய்கிற கூடத்தில் வேலை. நாள் முழுக்க மெழுகில் பல் வைத்துப் பார்ப்பாள். வீட்டுக்கு வந்த பிறகும் யார் சிரித்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பாள். வந்தவர் எங்கள் வயோலாப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரும் வாசிக்கிறாங்களா?” என்று கேட்டார்.

“சின்னவ வாசிப்பா” என்றாள் அம்மா. “பெரியவ கூடவே போய்ப் பக்கம் திருப்புவா. அதுவும் லேசுப்பட்டதில்ல, தெரியுமா? சரியான நேரத்துக்குத் திருப்பணும். இவ ஒரு தடவை கூடத் தப்பு விட்டதில்ல.”

குரலில் அத்தனை பெருமை. அதுதான் என்னைக் கொன்றது. கேலியாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். உள்ளே போய்க் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டேன். அந்த எட்டுக் கட்டத்தை ஒரே ஒரு தடவையாவது மேடையில் முழுசாக வாசிக்காமல் விடுவதில்லை என்று அப்போது எனக்குள் சொல்லிக்கொண்டேன். அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். எனக்கு இருந்தது இந்த ஒரு நிகழ்ச்சிதான்.

நிகழ்ச்சிக்கு எட்டு நாளைக்கு முந்தைய சனிக்கிழமை. எங்கள் ஒத்திகை ஒரு தொலைபேசி அலுவலகத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடக்கும். மேசைகளையெல்லாம் சுவரோரம் அடுக்கிவிட்டு நாற்காலிகளை வளைவாகப் போட்டுக்கொள்வோம். தரை துடைத்த ஈரம் காய்ந்திருக்காது. எங்களை நடத்துகிற மேடம் மற்ற நாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறவர். யாராவது தப்பாக வாசித்தால் திட்ட மாட்டார். “அந்த வரி உங்களுக்குத் தெரியுதா, மங்கலா இருக்கா?” என்று அக்கறையாகக் கேட்பார். திட்டினாலே தேவலை என்றிருக்கும்.

அந்த அமைதியான கட்டம் வந்தது. எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. யாரிடமும் சொல்லாமல், குண்டூசியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அவள் வேறு வழியில்லாமல் மனப்பாடமாக வாசித்துவிடுவாள், பயமும் தெளிந்துவிடும், எனக்கும் வேலை முடியும் என்று ஒரு கணக்கு.

அவள் தாளை நம்புகிறவள் என்பதை மறந்துவிட்டேன். தாளில் முதலில் கண்ணுக்குப் பட்டது நான்காவது கட்டம். அவள் நான்காவது கட்டத்தை வாசித்தாள். கொஞ்சமும் தயங்காமல், நல்ல கனமான சத்தத்தோடு வாசித்தாள். எங்களுக்குப் பின்னால் இருந்த நான்கு பேரும் எப்போதும் அவள் வில்லைப் பார்த்துத்தான் நுழைவார்கள். அவர்களும் தங்கள் தாளைக்கூடப் பார்க்காமல் மூன்று கட்டம் தாண்டிக் குதித்தார்கள். முன் ஸ்டாண்டில் இருந்த இரண்டு பேரும் நானும் முதல் கட்டத்தில் இருந்தோம். இத்தனை நாள் ஆசைப்பட்ட மெட்டை நான் வாசித்த அழகு, பாத்திரக் கடையில் பூனை புகுந்ததுபோல் இருந்தது.

மேடம் தாளம் காட்டுகிற கோலைக் கீழே இறக்கினார். “வயோலா, நீங்க எல்லாரும் ஒரே பக்கத்துலதான் இருக்கீங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் குண்டூசி எழுந்து நின்றுவிட்டாள். “நான்தான் மேடம். வரி மாறிப் பாத்துட்டேன்.”

“சரி, உட்காரும்மா. நீ மட்டும் ஒரு தடவை வாசி.”

நான் தாளைப் பழைய பக்கத்துக்கே திருப்பி வைத்தேன். ஐம்பத்தெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க அவள் எட்டுக் கட்டத்தையும் தனியாக வாசித்தாள். நடுவில் நான் வழக்கம்போல் திருப்பினேன். ஒரு பிசிறு இல்லை. காதுமடல் மட்டும் செக்கச் செவேல் என்று இருந்தது.

வாழ்க்கையில் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. பேருந்தில் வரும்போது, “நான் செஞ்சது தப்புதான்” என்றேன்.

“பரவால்லக்கா” என்றாள். சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்த வாரம் அவள் என்னோடு சேர்ந்து பயிற்சி செய்யவில்லை. பள்ளிவிட்டு வந்ததும் வயோலாவைத் தூக்கிக்கொண்டு துணி துவைக்கிற அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். உள்ளே வாஷிங் மெஷின் ஓடுகிற சத்தத்தில் என்ன வாசிக்கிறாள் என்றே கேட்காது. கோபம் இன்னும் தீரவில்லை, தீராததும் நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு என்னவோ கோபமெல்லாம் வடிந்துவிட்டது. அவளை ஐம்பத்தெட்டுப் பேர் முன்னால் நிறுத்தி வைத்த பிறகு அந்த எட்டுக் கட்டத்தின்மேல் ஆசைப்படுகிற யோக்கியதை எனக்கு இல்லை. புத்தகத்தை எடுத்து, அந்த மூலையைத் திருப்புவதற்கு வாகாகச் சின்னதாக மடித்து வைத்தேன். பக்கம் திருப்புகிறவள் என்றால் பக்கம் திருப்புகிறவள், அதையாவது ஒழுங்காகச் செய்யலாம் என்று முடிவுசெய்தேன். முடிவுசெய்த பிறகு மனது ஓரளவு லேசாகத்தான் இருந்தது. அழுகை வந்தது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு நிகழ்ச்சி. நகராட்சிக் கூடத்தில் பாதிக்குமேல் கூட்டம். வந்தவர்கள் பெரும்பாலும் பெற்றோர்கள், அவர்களால் இழுத்துவரப்பட்ட உறவினர்கள். அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அப்பா ஓரத்து இருக்கையில். எப்போதும் ஓரத்தில்தான் உட்காருவார். அவர் கச்சேரிக்கு வந்தால் ஊரில் எங்காவது ஒரு லிஃப்டில் யாராவது மாட்டிக்கொள்வார்கள் என்பது எங்கள் வீட்டில் முடிவான விஷயம்.

முதல் பாதி நல்லபடியாகப் போயிற்று. இடைவேளைக்குப் பிறகு அந்தப் பெரிய படைப்பு. டுக்கு டுக்கு என்று வாசித்துக்கொண்டே வந்தோம். பக்கங்களைத் திருப்பிக்கொண்டே வந்தேன். கையெல்லாம் சரியாக இருந்தது. பிறகு வயலின்கள் அடங்கின, ஊதுகுழல்கள் அடங்கின. அமைதியான கட்டம் வந்தது. மேடம் எங்கள் பக்கம் திரும்பினார்.

என் முகத்துக்குக் குறுக்கே ஒரு கை நீண்டது. குண்டூசியின் கை. வில்லை உள்ளங்கையில் இடுக்கிக்கொண்டு இரண்டு விரலால் மூலையைப் பிடித்து, பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

வெளி நாற்காலிக்காரர் பக்கம் திருப்பி நான் பார்த்ததே இல்லை. இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, எண்ணிக்கையை விட்டுவிட்டாள், மறுபடியும் நான்காவது கட்டத்தில் போய் விழப்போகிறாள் என்று நினைத்தேன். திருப்பி வைக்க நேரமில்லை. மேடத்தின் கோல் இறங்கிவிட்டது.

நுழைந்தோம். முதல் கட்டம்தான் வாசித்தாள். சரியாக வாசித்தாள். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் தாளைப் பார்க்கவில்லை. தலையை என் பக்கம் சாய்த்து, தந்திமேல் இருந்த என் இடதுகை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு இறுகியிருந்தது, நெற்றியில் வேர்வை.

முதல் கட்டம் முடிந்தது. என் வலது கை வில்லைத் தந்தியிலிருந்து தூக்கிவிட்டது. நான் தூக்கவில்லை, கைதான் தூக்கியது. ஆறு மாதமாக அந்த இடத்தில் அது தூக்கித்தான் பழகியிருக்கிறது. திருப்புவதற்குப் பக்கம் இல்லை என்பது கைக்கு எப்படித் தெரியும்?

“வாசி” என்றாள் குண்டூசி, பல்லைக் கடித்துக்கொண்டு.

வில்லைப் போட்டேன். அரை ஸ்வரம் போயிருக்கும், அவ்வளவுதான். அவள் கண் என் விரல்மேல். நான் இடறினால் அவளும் விழுவாள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டாவது கட்டத்தில் என் விரல்களை அவளுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி கொஞ்சம் தூக்கித் தூக்கி வைத்தேன். மூன்றாவது வந்தது. இரண்டு பேருடைய கையும் சேர்ந்தாற்போல் தந்தியில் வழுக்கி மேலே போயிற்று. அந்த உச்ச ஸ்வரத்தில் போய் நின்றோம்.

வீட்டில் ஆயிரம் தடவை அந்த இடத்தை வாசித்திருக்கிறேன். அங்கே அது என் சத்தம் மட்டும். இங்கே முன்னாலும் பின்னாலும் வெளி நாற்காலிக்காரர்கள், பக்கத்தில் இவள். எல்லோருடைய சத்தமும் என் நாற்காலிக்கு அடியில் பலகையில் அதிர்ந்தது. என் சத்தம் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. நான்காவது கட்டத்தில் இறங்கத் தொடங்கியதும் குண்டூசி பெரிதாக ஒரு மூச்சு விட்டுத் தாளுக்குத் தலையைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் நான் வாசிக்கிறேன் என்கிற நினைப்பே எனக்கு வந்தது. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எட்டு முடிந்ததும் மெட்டு செல்லோக்களிடம் போய்விட்டது, நாங்கள் டுக்கு டுக்குக்குத் திரும்பினோம். அந்த டுக்கு டுக்குகூட அன்றைக்கு எனக்கு இனித்தது.

முடிந்ததும் வெளிக்கூடத்தில் அம்மா எங்களைத் தேடிக்கொண்டு வந்தாள்.

“அந்தத் தனியா வாசிக்கிற இடத்துல நீ குனியவே இல்லையே” என்றாள் என்னிடம். “எப்பவும் குனிஞ்சு எந்திரிப்ப. இன்னைக்கு உன் பல்லு தெரிஞ்சுது. சிரிச்சுக்கிட்டே வாசிச்சியா?”

“இருக்கும்மா.”

“நல்லா இருந்துச்சு. சரி, பக்கம் யாரு திருப்பினா?”

“குண்டூசிதான்.”

“அதுவும் தெரியுமா அவளுக்கு!” என்று அம்மா மலைத்துப்போனாள்.

அப்பாவைக் காணோம். வாசலில் ஃபோனை வைத்துக்கொண்டு, “பயப்படாதீங்க, காத்து வரும், கதவுல சாய மட்டும் சாயாதீங்க” என்று யாருக்கோ தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனாலும் அந்த எட்டுக் கட்டம் வாசித்தபோது கூடத்துக்கு உள்ளேதான் இருந்தேன் என்று சத்தியம் செய்தார். போகிற வழியில் அந்தக் கட்டிடத்தில் இறங்கி, பத்து நிமிடத்தில் யாரையோ விடுவித்துவிட்டு வருவதாகவும் சொன்னார்.

காரின் பின்னிருக்கையில் நாங்கள் இரண்டு பேரும், ஆளுக்கொரு பெட்டி மடியில். வெயில் இன்னும் இறங்கவில்லை. அப்பா அந்தக் கட்டிடத்துக்குள் போயிருந்தார். அம்மா கீழே இறங்கி, மேலே எந்த மாடி என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குண்டூசி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள்.

“துணி துவைக்கிற ரூம்ல இதைத்தான் பண்ணிட்டிருந்தியா?” என்று கேட்டேன்.

“ம். மெஷின் மேல பேப்பரைக் கவுத்து வெச்சுட்டு வாசிச்சுப் பாத்தேன். அங்க வந்துச்சு. மேடையில திருப்பினதும் எல்லாம் போயிடுச்சு. உன் விரலைப் பாத்துத்தான் வாசிச்சேன்.”

“அவ்வளவு பயம்னா எதுக்குடி இதெல்லாம்? நான்தான் திருப்பறதுன்னு முடிவு பண்ணிட்டேனே. எனக்காக ஒண்ணும் பண்ண வேணாம்.”

“உனக்காக இல்ல” என்றாள்.

கொஞ்ச நேரம் பெட்டியின் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

“போன சனிக்கிழமை மேடம் என்னைத் தனியா வாசிக்கச் சொன்னாங்கல்ல? செத்தேன்னுதான் நெனச்சேன். ஆனா மூணாவது கட்டத்துல பாத்தா, இது புதுசே இல்லைக்கா. எப்பவும் அந்த இடத்துல நீ டக்குனு நிறுத்திடுவ. உன் சத்தம் போயிடும். பக்கத்துல நாற்காலியில நீ இருப்ப, ஆனா இருக்க மாட்ட. நான் அங்க எப்பவும் தனியாத்தான் வாசிச்சுட்டிருந்திருக்கேன். அது பேப்பர் இல்லாததை விட மோசம்.”

ஆறு மாதமாக அந்த மூன்று கட்டத்தில் எனக்கு என்ன கிடைக்கவில்லை என்று மட்டும்தான் நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் என்ன இருந்தது என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

“கால் மரத்துப்போச்சு” என்றாள் அவள்.

அவள் பெட்டியையும் வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் காலை நீட்டி, என் தோளில் சாய்ந்துகொண்டாள்.